கரைச்சாளி: கப்பல்கள் நின்ற பிறகு ஒரு சுண்டெலி

1930 ஆகஸ்ட் 29 அன்று, ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் ஒதுங்கிக் கிடக்கும் செயின்ட் கில்டா தீவை விட்டு, அங்கே மிச்சமிருந்த 36 பேரும் கப்பலேறினார்கள். இனி இங்கே பிழைக்க முடியாது என்று அவர்களே அரசிடம் கேட்டு வாங்கிக்கொண்ட வெளியேற்றம் அது. தலைமுறை தலைமுறையாக மனிதர் வாழ்ந்த ஊர் ஒரே நாளில் காலியானது. அந்தத் தீவில் அப்போது இரண்டு வகை எலிகள் இருந்தன. வீட்டுக்குள் சுண்டெலி. வெளியே கல்சுவர் இடுக்குகளிலும் புல்வெளியிலும் வயலெலி. பல நூற்றாண்டுத் தனிமையில் இரண்டுமே பெருநிலத்து உறவுகளைவிடப் பருத்திருந்தன.

மனிதர் போன பிறகு எது பிழைத்தது? வீட்டுச் சுண்டெலி ஓரிரு ஆண்டுகளில் தடமில்லாமல் போனது. அடுப்பின் சூடு இல்லை, தானியம் இல்லை, ஒண்டிக்கொள்ளக் கொட்டில் இல்லை. போதாக்குறைக்கு, காலியான வீடுகளுக்குள் வயலெலி குடியேறிவிட்டது. அந்த வயலெலி இன்றும் அங்கே இருக்கிறது, பெருநிலத்து இனத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எடையோடு.

மனித இனமே அற்றுப்போன பிறகு எந்த விலங்கு என்னவாக மாறும் என்று கற்பனை செய்வது ஒரு தனி விளையாட்டு. நிறையப் பேர் படம் வரைகிறார்கள். ஓநாய் அளவு எலி, கால் முளைத்த மீன், இரண்டு காலில் நடக்கும் பூனை. எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும். ஆனால் ஒவ்வொன்றையும் பார்த்ததும் கேட்கத் தோன்றுவது: இது எதைத் தின்கிறது, எவ்வளவு இடத்தில் வாழ்கிறது, இப்படி ஆக எத்தனை தலைமுறை எடுத்தது? இந்த மூன்றுக்கும் நேர்மையாகக் கணக்குப் போட்டால் விலங்கின் பாதி உருவம் தானாகவே வந்து நின்றுவிடும். மீதிக்குத்தான் கற்பனை வேண்டும். செயின்ட் கில்டாவில் தோற்ற அதே சுண்டெலி இனத்தை வைத்து, அது தோற்காத வேறொரு தீவில் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. மனிதன் இல்லாத உலகம் என்றதும் நம் மனம் போவது இடிந்த கட்டடங்களுக்கும் அவற்றில் படரும் கொடிகளுக்கும். பரிணாமத்துக்கு அவை பெரிய விஷயமில்லை. கப்பல்கள் நின்றுபோவதுதான் பெரிய விஷயம். உலகெங்கும் எலிகளைச் சுமந்து போனது நாம்தான். தீவுக் கூட்டங்களில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் இன்று எலி இருப்பது நம் கைங்கரியம். ஒரு துறைமுகத்தில் புது எலிகள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தால் உள்ளூர் எலி தன்போக்கில் மாற முடியாது. ஊருக்கென்று ஒரு குணம் ஊறுவதற்குள் வெளிரத்தம் கலந்து நீர்த்துவிடும். கடைசிக் கப்பல் நின்ற நாளிலிருந்து ஒவ்வொரு தீவும் தனியாகப் பூட்டிக்கொள்ளும். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். ஆயிரக்கணக்கில் தனி வளைகள் ஒரேயடியாகக் கிடைத்துவிடுகின்றன.

ஆனால் செயின்ட் கில்டா சொன்னதையும் மறக்கக் கூடாது. நம் அரிசி மூட்டையை நம்பி வாழும் சுண்டெலிகளில் பெரும்பாலானவை நம்மோடேயே போய்விடும், அதிலும் போட்டிக்கு வேறு எலி இருக்கும் இடங்களில். ஆகவே நமக்கு வேண்டிய மூதாதை, மனிதர் இருக்கும்போதே மனிதரை விட்டு விலகி வாழப் பழகிக்கொண்ட சுண்டெலி.

தென் அட்லாண்டிக்கில், கேப் டவுனிலிருந்து ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது காஃப் தீவு. சுமார் 65 சதுர கிலோமீட்டர் எரிமலைப் பாறை, அதில் 910 மீட்டர் உயரத்துக்கு ஒரு சிகரம். டிரிஸ்டன் ட குன்யா என்ற பிரிட்டிஷ் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. குடிமக்கள் யாரும் இல்லை. தென்னாப்பிரிக்கா 1956 முதல் நடத்திவரும் வானிலை நிலையத்தில் சிலர் மட்டும் முறைவைத்துத் தங்குகிறார்கள். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, சென்னையில் பெய்வதைப் போல இரண்டு மடங்கு. எப்போதும் ஈரம், எப்போதும் காற்று. 1995இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்ததற்கு முதல் காரணம், லட்சக்கணக்கில் வந்து முட்டையிடும் கடற்பறவைகள்.

19ஆம் நூற்றாண்டில் கடல்நாய்த் தோலுக்காக வந்த வேட்டைக் கப்பல்களிலிருந்து சுண்டெலி இங்கே இறங்கியது. பூனை இல்லை, கீரி இல்லை, பாம்பு இல்லை, போட்டிக்கு வேறு எலியும் இல்லை. அவ்வப்போது கொத்திக்கொண்டு போக ஸ்கூவா என்ற பெரிய கடற்பறவை உண்டு, அவ்வளவுதான். சாதாரணச் சுண்டெலி 20 கிராமைத் தொட்டாலே பெரிது. காஃப் சுண்டெலி 35 கிராம். இதுவரை அளந்த காட்டுச் சுண்டெலிகளில் இதுவே பெரியது. நன்றாகத் தின்று கொழுத்தது என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வகத்தில், மற்றச் சுண்டெலிகளோடு ஒரே மாதிரி தீனி கொடுத்து வளர்த்தார்கள். அங்கேயும் காஃப் சுண்டெலி பெரிதாகவே வளர்ந்தது. பிறந்த முதல் சில வாரங்களிலேயே அது முந்திக்கொள்கிறது. மாற்றம் மரபணுவில் இருக்கிறது, அதுவும் ஒரே இடத்தில் இல்லாமல் பல குரோமோசோம்களில் சிறுசிறு துண்டுகளாக. இதெல்லாம் இருநூறு ஆண்டுகளுக்குள் நடந்தது.

சின்ன விலங்கு தீவில் பெருக்கும், பெரிய விலங்கு தீவில் சிறுக்கும் என்ற போக்கை 1964இல் பிரிஸ்டல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். தின்ன வருபவன் இல்லாதபோது ஒளிந்துகொள்ளத் தோதான சிறிய உடல் தேவையில்லை. பெரிய உடலுக்குக் குளிரும் பட்டினியும் கொஞ்சம் தாங்கும். காஃப் சுண்டெலி இந்த விதிக்கு நல்ல பிள்ளை. அது உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் மட்டும் வேறு.

டிரிஸ்டன் அல்பட்ரோஸ் என்ற கடற்பறவை சிறகை விரித்தால் மூன்று மீட்டர். உலகில் ஏறத்தாழ எல்லா இணைகளும் கூடு கட்டுவது காஃப் தீவில் மட்டும்தான். இரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டை. மார்ச் வாக்கில் பொரிக்கும் குஞ்சு, தென்கோளத்துக் குளிர்காலம் முழுக்கக் கூட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும். பெற்றோர் கடலில் இரை தேடிவிட்டு அவ்வப்போது வந்து ஊட்டிவிட்டுப் போவார்கள். குஞ்சு பத்து கிலோவரை எடை போடும், காஃப் சுண்டெலியைப் போல முந்நூறு மடங்கு. இந்தக் குஞ்சுகள் ஏன் கூட்டம் கூட்டமாகச் சாகின்றன என்று தெரியாமல், 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆய்வாளர்கள் கூட்டுக்கருகே இரவுக் கேமரா வைத்தார்கள். பதிவானது சுண்டெலி. இருட்டில் ஏறி வந்து, குஞ்சின் முதுகிலும் பின்புறத்திலும் தோலைக் கொறித்துத் திறக்கிறது. அடுத்த இரவு அதே புண்ணுக்குத் திரும்பி வருகிறது, துணைக்கு இன்னும் சிலவற்றோடு. குஞ்சு எழுந்து ஓடுவதில்லை, திருப்பிக் கொத்துவதுமில்லை. தரையில் நடந்து வரும் எதிரி என்ற ஒன்றையே அதன் பரம்பரை பார்த்ததில்லை. சில நாட்களில் செத்துவிடுகிறது. தீவின் எல்லாப் பறவை இனங்களையும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 20 லட்சம் முட்டைகளும் குஞ்சுகளும் இப்படிப் போகின்றன என்பது பின்னால் வந்த மதிப்பீடு.

இது காஃப் தீவுச் சுண்டெலிக்கு மட்டும் பிடித்த பித்து என்றால் நம் கற்பனைக்கு அடித்தளம் ஆட்டம் கண்டிருக்கும். அப்படி இல்லை. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் உள்ள மேரியன் தீவில் 1949இல் எலி பிடிக்க ஐந்து பூனைகளைக் கொண்டுவந்தார்கள். அவை பெருகிப் பறவைகளை அழிக்கவே, 1991க்குள் எல்லாப் பூனைகளையும் ஒழித்தார்கள். பிறகு 2003இல் அங்கேயும் சுண்டெலி அல்பட்ரோஸ் குஞ்சைக் கடிக்கத் தொடங்கியது தெரியவந்தது. பசிபிக்கில் உள்ள மிட்வே தீவில் பெரிய எலிகளை 1990களில் ஒழித்தார்கள். 2015இல் மிஞ்சியிருந்த சுண்டெலிகள் கூட்டில் உட்கார்ந்திருந்த வளர்ந்த அல்பட்ரோஸ்களையே தாக்கின. மூன்று கடல், மூன்று தீவு, ஒன்றோடொன்று தொடர்பில்லாத சுண்டெலிகள். மேலே பூனையோ பெரிய எலியோ இல்லாமல், தீவின் ஒரே நிலத்துப் பாலூட்டியாகச் சுண்டெலி நிற்கும் இடத்தில், குளிர்காலப் பசி வந்தால் அது வேட்டைக்காரனாகிறது. அந்தத் திறமை நம் வீட்டு அலமாரிக்குப் பின்னால் ஓடும் சுண்டெலிக்குள்ளும் உறங்கிக்கொண்டிருக்கிறது என்பது கொஞ்சம் கலக்கமான செய்திதான்.

சரி, இருநூறு ஆண்டில் எடை இரண்டு மடங்கானது என்றால் இன்னும் சில ஆயிரம் ஆண்டில் எங்கே போய் நிற்கும்? கூட்டு வட்டிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இருநூறு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டித்தால், 4,000 ஆண்டில் இருபது முறை இரட்டிக்கும். 35 கிராம் சுண்டெலி 35 டன்னைத் தாண்டும். ஏழு யானை எடையில் ஒரு சுண்டெலி! ஓநாய் அளவு எலியை வரைபவர்கள் பலரும் தெரியாமலேயே போடும் கணக்கு இதுதான். முதல் ஓட்டம் வேகமாக இருப்பதற்குக் காரணம், கப்பலில் வந்த கூட்டத்துக்குள் ஏற்கெனவே இருந்த சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகள் ஒன்றுசேர்வது. கையிருப்பு தீர்ந்ததும், புதிய மாற்றம் பிறக்கும்வரை காத்திருக்க வேண்டும். எலும்பு, இதயம், கர்ப்பகாலம் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும்.

நீண்ட கால வேகத்துக்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலிஸ்டர் எவன்ஸ் தலைமையிலான குழு, டைனோசர்கள் போன பிறகு பாலூட்டிகள் பெருத்த வரலாற்றைப் புதைபடிவங்களிலிருந்து கணக்கிட்டு 2012இல் வெளியிட்டது. நிலத்துப் பாலூட்டி நூறு மடங்கு பெருக்கக் குறைந்தது 16 லட்சம் தலைமுறை வேண்டும். சுண்டெலி யானை அளவை எட்ட 2.4 கோடி தலைமுறை. சிறுப்பது மட்டும் பத்து மடங்குக்கு மேல் சீக்கிரம் நடக்கும். பெருக்க நாளாகும், இளைக்க நாளாகாது என்பது நம் அனுபவத்துக்கு நேர்மாறு, ஆனால் புதைபடிவங்கள் சொல்வது அதைத்தான்.

காஃப் சுண்டெலி கோடையில் மட்டும் ஈனுவதால் இப்போது ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்துக்கொள்ளலாம். உடல் பெருக்கப் பெருக்கத் தலைமுறையும் நீளும். ஆக, அறுபது மடங்கு பெருத்து இரண்டு கிலோவை எட்ட 30 லட்சம் ஆண்டு கொடுக்கிறேன். தாராளமான கணக்கு.

ஏன் இரண்டு கிலோ என்று நிறுத்துகிறேன்? தீவின் பரப்பு அதற்கு மேல் விடாது. ஒரு நிலப்பரப்பில் வாழும் மிகப் பெரிய விலங்கின் உடல், அந்த நிலத்தின் பரப்போடு ஏறி இறங்குகிறது என்று 2001இல் கேரி பர்னஸ், ஜாரெட் டயமண்ட், டிம் ஃப்ளானரி மூவரும் காட்டினார்கள். அதே பரப்பில் தாவர உண்ணி பெரிதாக இருக்கலாம், ஊனுண்ணி சின்னதாகத்தான் இருக்க முடியும். உணவுச் சங்கிலியில் ஒரு படி மேலே போகும்போதே பெரும்பகுதி சக்தி வீணாகிவிடுகிறது. கரீபியனில் உள்ள ஆங்குவிலா தீவில் கரடி அளவுக் கொறித்துண்ணி வாழ்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். ஆனால் அது இலை தழை தின்றது; அதோடு பனியுகத்தில் கடல் வற்றியிருந்தபோது அந்தத் தீவு இன்று இருப்பதைவிடப் பல மடங்கு பெரிய நிலமாக இருந்தது.

காஃப் தீவுக்குப் பொருத்தமான ஒப்பீடு கலிஃபோர்னியக் கரைக்கு அப்பால் இருக்கிறது. சான் நிக்கோலஸ் என்ற தீவு, 60 சதுர கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அங்கே ஒரு குட்டி நரி வாழ்கிறது, சுமார் இரண்டு கிலோ எடை. அதன் மூதாதையான பெருநிலத்துச் சாம்பல் நரி அதைவிட இரண்டு மடங்கு பெரியது; தீவுக்கு வந்த பிறகு அளவில் இறங்கி வந்திருக்கிறது. பூச்சி, பழம், எலி, கரையில் கிடைப்பது என்று எதையும் தின்னும். அந்தத் தீவு நரிகளின் மரபணுக்களில் வேறுபாடு அநேகமாக இல்லை என்னும் அளவுக்குக் குறைவு, ஆனாலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தாக்குப்பிடித்திருக்கின்றன. மேலிருந்து இறங்கிய நரி அறுபது சதுர கிலோமீட்டரில் எந்தப் படியில் நின்றதோ, கீழிருந்து ஏறும் சுண்டெலியும் அதே படியில்தான் நிற்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் கொஞ்சம் தைரியமாகச் சொல்லக்கூடிய ஒரே எண் அந்த இரண்டு கிலோதான்.

இப்போது சாப்பாட்டுக்கு வருவோம். அல்பட்ரோஸைத் தின்று பெருத்த சுண்டெலி, அல்பட்ரோஸைத் தின்றே மேலும் பெருக்கும் என்று எழுதிவிடுவது சுலபம். நடக்காது. அல்பட்ரோஸ் முதல் முட்டையிடவே பத்து வயதுபோல ஆகும். அது ஒரு தலைமுறையைக் கடப்பதற்குள் சுண்டெலி பத்துக்கு மேல் கடந்துவிடும். தற்காப்பைக் கற்றுக்கொள்ள அல்பட்ரோஸுக்கு அவகாசமே இல்லை. மனிதர் போவதால் அதற்கு ஒரு நன்மை உண்டு: வளர்ந்த பறவைகளைக் கொல்லும், ஆயிரக்கணக்கில் கொக்கி கட்டிய மீன்பிடித் தூண்டில்கள் கடலிலிருந்து மறையும். அதனால் முடிவு தள்ளிப்போகலாம். ஆனாலும் என் பந்தயம் சுண்டெலியின் மேல்தான். வளைதோண்டி முட்டையிடும் பெட்ரல் என்ற கடற்பறவைகளில் பல இனங்கள் காஃப் தீவைக் கைவிட்டு, எலி ஏறாத செங்குத்துப் பாறைகளிலும் வேறு தீவுகளிலும் மட்டும் மிஞ்சும். அதோடு கடலிலிருந்து பறவைகள் கொண்டுவந்து கொட்டிய உரமும் குறையும், புல்லும் பூச்சியும் குறையும். தீவின் நடுப்பகுதி ஏழையாகிவிடும். அங்கே வாழும் சுண்டெலிகள் பழையபடி விதையும் புழுவும் தின்னும் சில்லறை உயிர்களாகவே இருந்துவிட்டுப் போகும்.

பெருக்க வாய்ப்பு கடற்கரையில் இருக்கிறது. ஒரு காலத்தில் எந்தக் கடல்நாயின் தோலுக்காகக் கப்பல்கள் வந்தனவோ, அதே கடல்நாய் இன்று மீண்டு காஃப் கரை முழுக்க நிறைந்திருக்கிறது. அந்த இனத்தின் மிகப் பெரிய கூட்டம் இங்கேதான். டிசம்பரில் ஈனும். வேறு சில கடல்நாய்கள் நான்கு மாதத்திலேயே பால் மறக்கடித்துவிடும். இந்த இனம் பத்து மாதம்போலப் பால் கொடுக்கிறது. அதாவது குட்டி குளிர்காலம் முழுக்கக் கரையிலேயே கிடக்கும். தாய் இரை தேடிக் கடலுக்குப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். குட்டி தனியாக, பசியோடு, மழையில். அல்பட்ரோஸ் குஞ்சு இருந்த அதே நிலை. தாய் திரும்பாத குட்டிகள் கரையிலேயே செத்துக் கிடக்கும். தீவிலேயே மிகப் பசியான மாதங்களில் இறைச்சி கிடைக்கும் ஒரே இடம் அது. டிசம்பரில் நஞ்சுக்கொடி, செப்டம்பர் அக்டோபரில் பெங்குவின் முட்டை, எல்லா நாளும் ஒதுங்கும் கடற்பாசிக் குவியலில் ஈப்புழு. வருடம் முழுக்க ஏதோ ஒன்று இருக்கிறது. கடல்நாய்க்கு இன்னொரு தோதும் உண்டு: அதன் தாய் எலியைக் கண்டு உறைந்து நிற்காது, கடிக்கும். அதனால் எலியால் கடல்நாயைத் தீர்த்துக்கட்ட முடியாது. இரையை அழிக்க முடியாத வேட்டைக்காரன்தான் 30 லட்சம் ஆண்டு நீடிக்க முடியும்.

இப்படிக் கணக்கெல்லாம் முடிந்த பிறகு வந்து நிற்கும் விலங்குக்கு ஒரு பெயர் வேண்டும். பெருச்சாளி என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருப்பதால், இதைக் கரைச்சாளி என்று வைத்துக்கொள்கிறேன்.

கரைச்சாளியைப் பார்த்தால் எலி என்று யாரும் உடனே சொல்ல மாட்டார்கள். கொஞ்சம் கீரி, கொஞ்சம் மரநாய் என்று குழம்புவார்கள். உடம்பு நீளம், கால் குட்டை. காதும் வாலும் சுருங்கியிருக்கும், ஏனென்றால் குளிர்ந்த ஊரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒவ்வொன்றும் சூட்டை வீணாக்கும். மேல்மயிர் எண்ணெய் பூசியதுபோல மழையை வழியவிடும். உள்மயிர் பஞ்சாக அடர்ந்திருக்கும். இது நீந்துமா என்று கேட்டால், நான் நீந்தவிட மாட்டேன். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக உடல் சூட்டை உறிஞ்சும். இரண்டு கிலோ உடம்போடு அந்தக் கடலில் மூழ்கி மூழ்கி மீன் பிடிப்பதற்குக் கிடைக்கும் லாபம் குறைவு, எதிரே பாறையில் பிணம் கிடக்கும்போது.

பல்லில்தான் ஓநாய்ப் படங்கள் எல்லாம் தவறுகின்றன. கொறித்துண்ணிகளுக்குக் கோரைப்பல் கிடையாது. பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே தொலைத்துவிட்டன. தொலைத்த பல்லை அப்படியே திரும்பப் பெறுவது பரிணாமத்தில் மிக அரிது. முன்னால் உளி போன்ற வெட்டுப்பற்கள், பிறகு ஒரு வெற்றிடம், பிறகு கடைவாய்ப்பற்கள். இந்தச் சாமானை வைத்துக்கொண்டுதான் ஊனுண்ணி ஆக வேண்டும். முடியாத காரியமில்லை. ஆஸ்திரேலியாவின் ரக்காலி என்ற நீரெலி மீன், நண்டு, பறவை என்று வேட்டையாடி வாழ்கிறது. அதன் கடைவாய்ப்பற்கள் பக்கத்துக்கு மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. இந்தோனேசியாவின் சுலவேசி தீவில் 2012இல் விவரிக்கப்பட்ட ஓர் எலிக்குக் கடைவாய்ப்பல்லே இல்லை. மண்புழுவை மட்டும் தின்பதால் மெல்லும் வேலை இல்லாமல் போய்விட்டது.

கரைச்சாளிக்கும் மெல்லும் வேலை கம்மி. கடல்நாய்க் குட்டியின் தோல் தடித்தது. அதைத் திறப்பதுதான் வேலையே. மேல் வெட்டுப்பற்கள் குறுகி, நீண்டு, டின் திறக்கும் கத்திபோல ஆகும். எலிகளின் கீழ்த்தாடை இரண்டு பாதிகளாக, நடுவில் அசையும் இணைப்போடு இருப்பதால், கீழ்ப்பற்கள் இரண்டும் விரிந்து வெட்டின் ஓரங்களை அகற்றிப் பிடிக்கும். கழுத்தைக் கவ்விக் கொல்லும் வேலை இதற்கு வராது. ஒரு துளை போடும், அதை அகலப்படுத்தும், உள்ளே தலையை விட்டுத் தின்னும். கழுத்து நீண்டு, ரத்தம் ஒட்டாமல் இருக்க முகத்து மயிர் குட்டையாகியிருக்கும், பிணந்தின்னிக் கழுகின் வழுக்கைத் தலையைப் போல. பார்க்க அழகான விலங்கு இல்லை. மூதாதை இரவுக் கேமராவில் செய்த அதே வேலையைப் பெரிய அளவில் செய்யும், அவ்வளவுதான்.

குட்டிகள் குறைவு. சுண்டெலி ஒரே ஈற்றில் ஆறேழு போடும். எதிரி குறைந்து, கூட்டம் நெருங்கி வாழும் தீவுகளில் எலிகள் குறைவாக ஈன்று, நீண்ட நாள் வாழ்ந்து, தங்களுக்குள் சண்டையையும் குறைத்துக்கொள்ளும் போக்கு பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. ஒரு புண்ணைச் சுற்றி ஐந்தாறு சுண்டெலிகள் கடித்துக்கொள்ளாமல் தின்பதை இன்றே பார்க்கிறோம். ஆகவே கரைச்சாளி ஆண்டுக்கு இரண்டு குட்டி போடும். ஒரு தாயும் அதன் வளர்ந்த பெண்மக்களும் ஒரு துண்டுக் கரையைப் பங்கிட்டுக்கொள்ளும். ஜூலை இரவில், மழைக்கு நடுவே, பாறைச் சந்துகளிலிருந்து அவை இறங்கி வரும். படுத்திருக்கும் குட்டிகளுக்கு இடையே மெதுவாக நடக்கும், மோந்து பார்க்கும். உதறி எழுகிற குட்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். எழாத ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். விடியும்போது ஸ்கூவாக்கள் பங்குக்கு வந்துவிடும்.

தீவு முழுக்க இவற்றின் எண்ணிக்கை சில நூறு, மிஞ்சினால் ஓராயிரம். இவ்வளவு சின்ன இடத்தில் இரண்டு மூன்று இனமாகப் பிரியுமா என்றால், எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு கரையில் இருப்பது மறு கரைக்கு ஓரிரு நாளில் நடந்து போய்விடலாம். பிரிந்து நிற்கத் தடை வேண்டும், அது அங்கே இல்லை.

இந்த மாதிரிப் பேச்சில் யாராவது ஒருவர் கேட்டே தீருவார்: எலிகள் அறிவு பெற்று, நாம் விட்டுப்போன இடத்தைப் பிடிக்குமா? மூளை செலவு பிடிக்கும் உறுப்பு. பட்டினிக் குளிர்காலத்தில் அதற்குத் தீனி போட வேண்டுமானால் கைமேல் பலன் இருக்க வேண்டும். செத்துக் கிடப்பதைத் தேடித் தின்பவனுக்கு நல்ல மூக்கு போதும். கரைச்சாளி கோயில் கட்டாது.

அது எத்தனை நாள் இருக்கும் என்பதற்கான விடையும் பக்கத்திலேயே கிடக்கிறது. டிரிஸ்டன் கூட்டத்தின் தலைத்தீவு வயதில் குழந்தை, சில லட்சம் ஆண்டுதான். 2,000 மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. அருகில் உள்ள நைட்டிங்கேல் தீவுக்கு ஒரு கோடி ஆண்டுக்கு மேல் வயது. அலை அரித்து அரித்து இன்று நான்கு சதுர கிலோமீட்டருக்குள் ஒடுங்கிவிட்டது. எரிமலைத் தீவு வளர்வது கொஞ்ச காலம், கரைவது மிச்சக் காலம் முழுக்க. காஃப் தீவும் கரையும். பரப்பு குறையக் குறைய இரண்டு கிலோ என்ற உச்சவரம்பும் கீழே வரும். கரைச்சாளி அழியும் முன் சிறுக்கும், அதுவும் பெருத்ததைவிடப் பல மடங்கு வேகத்தில். கடைசிக் கரைச்சாளி அதன் முதல் மூதாதையைவிட அவ்வளவு ஒன்றும் பெரிதாக இல்லாமல் போகலாம்.

இவை எல்லாம் நடக்கக் காஃப் தீவில் சுண்டெலி இருந்தாக வேண்டும். 2021இல், பிரிட்டனின் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆர்.எஸ்.பி.பி.யும் டிரிஸ்டன் நிர்வாகமும் சேர்ந்து, ஹெலிகாப்டர்களிலிருந்து தீவு முழுக்க நச்சுத்தீனி தூவினார்கள். ஒரு சினை எலி தப்பினாலும் வீண் என்பதால் ஒரு மடிப்பு விடாமல் தூவ வேண்டிய வேலை. சில மாதம் எலியே கண்ணில் படவில்லை. அந்த டிசம்பரில் ஒரு கேமராவில் ஒரு சுண்டெலி ஓடியது. இன்று அங்கே அவை மறுபடியும் பெருகிவிட்டன. அல்பட்ரோஸ்களுக்காக இன்னொரு முறை முயன்று வெற்றியும் பெற்றால், மேலே எழுதியதில் பாதியை நான் அடித்துவிட வேண்டியிருக்கும். அடிக்க எனக்குச் சம்மதம்தான்.